பாட்டு கேட்க போனே போதுமா, தனி பிளேயர் வேண்டுமா?

இரவு ரயில். மேல் பெர்த்தில் ஏறிப் படுத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தால், பயணத்துக்கென்றே இறக்கி வைத்திருந்த பாட்டுகள் அத்தனையும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. பெயர் தெரிகிறது, அட்டைப்படம் தெரிகிறது, தொட்டால் பாடவில்லை. சந்தாப் பணம் எடுக்கும் கார்டு அந்த வாரம் காலாவதியாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இணையத்தில் சேரச் சொல்லிக்கொண்டே இருந்தது செயலி. வழி நெடுக சிக்னல் இல்லை. விடியும் வரை சக்கரச் சத்தம்தான் பாட்டு.

பணம் கட்டத் தவறியது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘என்னிடம் இருக்கும் பாட்டுகள்’ என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவை உண்மையில் என்னிடம் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சந்தாவை ஒழுங்காகக் கட்டினாலும் இது முழுசாகத் தீராது. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டுகள் தொடர்ந்து பாட வேண்டுமானால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு சேர வேண்டும். உரிமம் முடிந்துபோன ஆல்பம் சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

திரும்பி வந்ததும் தனி பிளேயர்களைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அப்புறம் வந்த வருடங்களில் வெறும் போன், போனோடு ஒரு டாங்கிள் (கம்பி இயர்போனைப் போனில் மாட்டும் சின்ன இணைப்பு), பட்டன் வைத்த சின்ன பிளேயர், ஆண்ட்ராய்டில் ஓடும் பெரிய பிளேயர், பழைய ஐபாட் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒலித் தரத்துக்காகத் தனி பிளேயர் வாங்க நினைத்தால், பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. பாட்டு நம் கையில் கோப்பாக இருக்க வேண்டும், கேட்கும்போது வேறெதுவும் குறுக்கே வரக் கூடாது என்று நினைத்தால், கட்டாயம் தேவை.

ஒலியைப் பற்றி முதலில்

எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் இதை முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.

ஒரு மாலை நானும் ஒரு நண்பரும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். ஒரே பாட்டு, இரண்டு கோப்புகள். ஒன்று சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக். மற்றொன்று அந்த ஃபிளாக்கிலிருந்தே உருவாக்கிய 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) எம்பி3. அவர் எனக்குக் காட்டாமல் மாற்றி மாற்றிப் போட, எது எது என்று நான் சொல்ல வேண்டும். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும். அதே பாட்டை 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கியதும் கண்டுபிடித்துவிட்டேன். டிரம்ஸின் சிம்பல் ஓசை கணீரென்று விழாமல், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழைந்து கேட்டது.

சிடியின் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் நொடிக்கு 1411 கிலோபிட். அதில் எதையும் இழக்காமல் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருக்குவது ஃபிளாக். காதுக்கு எட்டாது என்று கருதுவதை வெட்டி எறிந்து சுருக்குவது எம்பி3. 320 அளவில் அந்த வெட்டு என் காதுக்குத் தெரியவில்லை, பெரும்பாலான காதுகளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் வீட்டில் சேமித்து வைக்க ஃபிளாக்தான் நல்லது. நாளைக்கு வேறு வடிவம் வந்தால் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். வெட்டப்பட்ட எம்பி3யிலிருந்து மறுபடி மாற்றினால் இழப்பு இன்னும் கூடும்.

அடுத்தது கருவி. போனின் ஒலியையும் விலை கூடிய பிளேயரின் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, முதல் சுற்றில் பிளேயர் எளிதாக ஜெயித்தது. அப்புறம் மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரண்டு ஒலிகளில் கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதை ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. கடையில் நின்று இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உண்மையில் ஒலியை மாற்றுவது இயர்போன். பிளேயருக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் பெரும்பங்கை அதற்குப் போடுங்கள். கருவியால் வித்தியாசம் வரும் இடங்கள் இரண்டே. 250, 300 ஓம் மின்தடை கொண்ட பெரிய ஹெட்போன்களை ஓட்ட போன் திணறும், சத்தம் போதாது. நேர்மாறாக, காதுக்குள் செருகும் நுட்பமான இயர்போன்களில் சில கருவிகள் பாட்டின் அமைதியான இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று பின்னணி இரைச்சல் தரும். கருவியின் வெளியீட்டு மின்தடை கூடுதலாக இருந்தால், ஒரே இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர்கள் பல இருக்கும் வகைகளில் ஒலியின் குணமே கொஞ்சம் மாறும். இயர்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே அது இருக்க வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓமுக்குள்.

ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். ப்ளூடூத்தில் போகும்போது டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலை ஹெட்போனுக்குள் நடக்கிறது. பிளேயருக்குள் அதே வேலைக்காக இருக்கும் விலை உயர்ந்த டாக் சிப் அப்போது சும்மாதான் இருக்கும். எல்டாக் என்ற உயர்தர ப்ளூடூத் முறையில்கூட அதிகபட்சம் 990 கேபிபிஎஸ்தான், சிடியின் 1411ஐவிடக் குறைவு. கம்பி இல்லாமல் மட்டுமே கேட்பீர்கள் என்றால் ஒலிக்காகத் தனி பிளேயர் வாங்குவது வீண் செலவு.

போனும் டாங்கிளும்

புதிய பாட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதில் போனை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. எப்போதும் கையில் இருக்கிறது, தனியாகச் சார்ஜ் போட வேண்டியதில்லை, சந்தா கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வருகிறது. பாட்டு என்பது வேலையின் பின்னணியில் ஓடும் ஒன்று என்றால், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், உங்களுக்குப் போனே போதும்.

2016இல் ஐபோன் 7 இயர்போன் துளையை எடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கம்பி இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு அதனால் வந்ததுதான் டாங்கிள்: ஒரு பக்கம் யூஎஸ்பி-சி, மறுபக்கம் 3.5 மி.மீ. துளை, நடுவில் நகம் அளவுக்கு ஒரு டாக் சிப். நல்ல டாங்கிளின் ஒலியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்றாடப் பயன்பாட்டில்தான் தொல்லை. சட்டைப் பையில் போனை வைத்து நடந்தால் டாங்கிள் அடிப்பக்கம் துருத்திக்கொண்டு ஆடும். ஒவ்வொரு அசைவும் சார்ஜ் துளையின் மேல் விழுகிறது. ஒரு வருடத்தில் என் போனின் துளை தளர்ந்து, சார்ஜ் ஒயரே ஒரு கோணத்தில் வைத்தால்தான் பிடிக்கும் என்ற நிலை வந்தது. பாட்டு கேட்டுக்கொண்டே சார்ஜ் போட, இரண்டையும் பிரித்துத் தரும் இன்னொரு துண்டு வேண்டும்.

மேஜையில் உட்கார்ந்து கேட்பவருக்கு இந்தக் குறைகள் எதுவும் கிடையாது. அவருக்கு நான் டாங்கிளையே சொல்வேன்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது குறுக்கீடு. ஒரு நாள் முழு ஆல்பம் ஒன்றைக் கேட்க உட்கார்ந்து, எத்தனை முறை போன் இடையில் வந்தது என்று தாளில் கோடு போட்டேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் பதினொரு கோடுகள். ஒரு அழைப்பு, குழுச் செய்திகள், பொருள் வந்து சேரும் என்ற அறிவிப்பு. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் பாட்டு தாழ்ந்து எழுந்தது. இரண்டு முறை போனை எடுத்துவிட்டு, பாட்டை மறந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்புகளை அணைத்துவிட்டால் போயிற்று என்பார்கள். நானும் அணைத்தேன். ஆனால் கை தானாகத் திரையைத் திறக்கிறதே, அதை அணைக்க எந்தப் பொத்தானும் இல்லை.

சின்ன பிளேயர்

இந்த வகைக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். 1998இல் வந்த முதல் கருவிகளான எம்பிமேன் எஃப்10, டயமண்ட் ரியோ பிஎம்பி300 இரண்டிலும் 32 மெகாபைட் நினைவகம்தான். 128 கேபிபிஎஸ் பாட்டுகளை ஏற்றினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். ரியோவை விற்கக் கூடாது என்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாறியிருந்தால் நாம் இன்று பேசிக்கொண்டிருக்கும் பொருளே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இன்றைக்கு வரும் சின்ன பிளேயர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, எடை சில பத்து கிராம். உள்ளே மெமரி கார்டு போட இடம் இருக்கும். 128 ஜிபி கார்டு ஒன்றில், ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 320 கேபிபிஎஸ்ஸில் 12 மெகாபைட் என்று வைத்தால், 10,000 பாட்டுகள் தாராளமாக அடங்கும். ஃபிளாக் என்றால் சுமார் 4,000. ஒருவர் வாழ்நாளில் விரும்பிக் கேட்கும் பாட்டுகளுக்கு இது போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பட்டன். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டால், நடுவில் குழிந்திருப்பது நிறுத்த, வலப்பக்கம் புடைத்திருப்பது அடுத்த பாட்டு. கட்டைவிரல் ஒரு வாரத்தில் பழகிவிடும். மழையில் நடக்கும்போதும், விளக்கணைத்துப் படுத்திருக்கும்போதும் கண்ணைத் திறக்காமல் பாட்டை மாற்றலாம். தொடுதிரையில் இது நடக்காது.

என் அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவருடைய போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்று முதலில் நினைத்தவன்தான் நானும். “எனக்கு அதுல எதைத் தொட்டா எது போகும்னு பயமாவே இருக்குடா. இதுல மூணு பட்டன், போதும்” என்றார். நீண்ட உரைகளை விரும்பிக் கேட்பவர் அவர். நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதி அவருடைய பிளேயரில் இருக்கிறது. இரண்டு மணி நேர உரையை நான்கு நாளாகக் கேட்பார். உரைகளோ ஒலிப்புத்தகங்களோ கேட்பவர்கள் வாங்கும் முன் இந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லாக் கருவியிலும் இருப்பதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது தமிழ். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில கருவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருக்கும் கருவிகளிலும் ஒரு சிக்கல். ஒருங்குறியில் ‘தெ’ என்பது முதலில் ‘த’, அதன் பின் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. சின்ன பிளேயர்களில் பலவற்றுக்கு அந்த வேலை தெரியாது. ‘தென்றல்’ என்ற சொல் ‘த’வுக்குப் பின்னால் கொம்பு ஒட்டிக்கொண்டு கோணலாக வரும். நான் தமிழ்ப் பெயர்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நாள் அந்தக் கோணலையே படித்துப் பழகினேன். கடைசியில் ஃபோல்டர் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டேன். இன்னும் அது எனக்கு உறுத்தல்தான்.

இரண்டாவது, வரிசை. மலிவான கருவிகள் பாட்டுகளைப் பெயர் வரிசையில் பாடாமல், கார்டில் ஏற்றிய வரிசையில் பாடும். பெயர் வரிசையில் பாடும் கருவியிலும் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக ஏற்றினால் இரண்டு தொல்லையும் போகும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் வடிவமைக்கப்பட்டு வரும். பழைய பிளேயர்கள் அதைப் படிக்காது. கணினியில் ஃபாட்32க்கு மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

கொஞ்சம் கணினிப் பழக்கம் உள்ளவர்களுக்கு ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். பல பழைய பிளேயர்களின் மென்பொருளுக்குப் பதிலாக இதைப் போடலாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாது, ஒரு பாட்டு கத்தி இன்னொன்று முனகாமல் சத்த அளவு சமன்படும். தயாரித்த நிறுவனம் கைவிட்ட கருவிகள் இதன் தயவால் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கொம்புச் சிக்கலை மட்டும் இதுவும் தீர்க்கவில்லை.

பெரிய பிளேயர், பழைய ஐபாட்

ஃபியோ, ஷான்லிங், ஹைபி, ஆஸ்டெல் அண்ட் கெர்ன், சோனி வாக்மேன் என்று பெரிய பிளேயர்களின் உலகம் தனி. பெரும்பாலானவற்றில் ஆண்ட்ராய்டு ஓடுகிறது, வைஃபை உண்டு, சந்தாச் செயலிகளைப் போடலாம், இடது, வலது ஒலிகளைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளை இருக்கும், 300 ஓம் ஹெட்போனையும் சிரமமில்லாமல் ஓட்டும். நல்ல ஹெட்போனும் கேட்க அமைதியான அறையும் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே சந்தோஷம் தரும் பொருள்.

ஆனால் என்னிடம் இருந்த ஒன்றை இரண்டு வருடத்தில் கைமாற்றிவிட்டேன். கையளவு செங்கல் போன்ற கனம். அணைத்துப் போட்டால் எழுந்துவர அரை நிமிடம். இதற்கும் மேலாக, அதில் வந்த ஆண்ட்ராய்டு அப்படியே உறைந்துபோய்விட்டது. புதுப்பித்தல் வரவில்லை. ஒரு நாள் சந்தாச் செயலி ‘உங்கள் கருவிக்கு இனி ஆதரவு இல்லை’ என்று சொல்லிவிட்டது. ஒலிப் பகுதி பத்து வருடம் தாங்கும், மென்பொருள் மூன்று வருடத்தில் மூப்படையும். இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்பதில்தான் இந்த வகையின் பலவீனம் இருக்கிறது. வாங்குவதானால், செயலிகள் எல்லாம் நின்றுபோனாலும் கார்டில் உள்ள கோப்புகளைப் பாடவே இதை வைத்துக்கொள்வேனா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஐபாட் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இளகிவிடும். 2001 அக்டோபரில் 5 ஜிபி வன்தட்டோடு வந்தது. ஐபாட் கிளாசிக் 2014இலும், கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச் 2022 மே மாதத்திலும் நின்றன. சக்கரத்தில் விரலைச் சுற்றினால் ஆயிரம் பாட்டுகள் ஓடும் அந்த வேகத்தை வேறெந்தக் கருவியிலும் நான் பார்க்கவில்லை. உள்ளிருக்கும் 1.8 அங்குல வன்தட்டைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு போடும் பலகைகள் கிடைக்கின்றன. பேட்டரியையும் மாற்றிவிட்டால் இன்னும் பல வருடம் ஓடும்.

திருகு, பிளாஸ்டிக் நெம்புகோல் என்று உட்கார்ந்து வேலை செய்வதில் விருப்பம் இருப்பவர்களுக்கு மட்டும் இது. கிளாசிக்கின் உலோக உடலைக் கோணாமல் திறப்பது கடினம், நான் ஒன்றின் விளிம்பை வளைத்திருக்கிறேன். இன்னொன்று: ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் வழியாக ஏற்றிய பாட்டுகள் உள்ளே நான்கு எழுத்துப் புரியாத பெயர்களோடு, மறைந்த ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். கணினியில் மூலக்கோப்பு போய்விட்டால், ஐபாடிலிருந்து திருப்பி எடுப்பது சுலபமில்லை. பழையது வாங்கும்போது பின்பக்கத்தை ஒரு தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது.

சத்த அளவு

எதை வாங்கினாலும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்திலும் ரயிலிலும் வெளிச் சத்தத்தை அமுக்க நாம் அறியாமலே சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்போன் போட்டால் அந்தத் தேவை வராது. எனக்கு அது ஏழெட்டுப் படி சத்தத்தைக் குறைக்க உதவியது. பெரிய பிளேயர்களில் சக்தி கூடுதல் என்பதால் மாட்டும் முன் சத்தத்தைக் குறைத்துவிட்டு மாட்டுங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது

நடைக்கும் பயணத்துக்கும் சின்ன பிளேயர், மேஜையில் டாங்கிள், புதுப் பாட்டு தேட போன். போனில் கேட்டுப் பிடித்துப்போன ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கிக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் அப்படித் தேறும். அந்தத் தேர்வே எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

கோப்பாக வைத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மெமரி கார்டு முன்னறிவிப்பில்லாமல் சாகும். போன வருடம் எனக்கு ஒன்று போனது, காலையில் பாடியது மாலையில் ‘கார்டு இல்லை’ என்றது. கணினியிலும் தனி வன்தட்டிலும் பிரதி இருந்ததால், புதுக் கார்டு வாங்கி ஓர் இரவு ஏற்றப் போட்டேன். மறுநாள் காலை நடைக்குப் பாட்டு தயாராக இருந்தது.